ரெசாங் லாவும் சோனம் போஸ்ட்டும்: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

திருமங்கலம்_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் 18 வருகிறது. 1962 இந்திய-சீனப் போரில் அதே நாளில் லடாக்கின் ரெசாங் லா கணவாயில் நடந்த சண்டையைப் பற்றி என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பீரியட் முழுக்கப் பேசலாம் என்று இருக்கிறேன். போர் என்றால் அவர்கள் மனதில் நிற்பது தேதியும் ஒப்பந்தமும்தான். ஆனால் பையன்களில் பாதிப் பேர் பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று விடியற்காலையில் கண்மாய்க் கரையில் ஓடிப் பழகுகிறார்கள். தனியாகக் கிடக்கும் ஒரு போஸ்ட்டை, அதாவது எல்லைக் காவல் நிலையை, காப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இதில் எனக்கு ஒரு சிக்கல். சியாச்சின் பனியாற்றில் சோனம் போஸ்ட் மேல் விழுந்த 2016 பனிச்சரிவில் இறந்தவர்களையும் சேர்த்துச் சொல்லலாமா என்று பெற்றோர் சிலரிடம் கேட்டேன். இறந்தவர்களில் ஒருவர் மதுரை மாவட்டம் சொக்கத்தேவன்பட்டிக்காரர் என்பதால் பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு பையனின் அப்பா உடனே மறுத்தார். "பனிச்சரிவு விபத்துங்க டீச்சர். எதிரியோடு மோதிச் செத்தால்தான் வீர மரணம். ரெண்டையும் ஒண்ணாச் சொன்னா பிள்ளைங்க குழம்பிடும்" என்றார். எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை. ஆனால் அவருக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வைகைக்கரையான் எழுதியது:

டீச்சர், முதலில் ரெசாங் லாவை எழுதுகிறேன். பீரியடில் அப்படியே பயன்படும்.

லடாக்கின் சுஷுல் சமவெளியில் ஒரு விமான ஓடுதளம் இருக்கிறது. 1962இல் அந்தப் பகுதிப் படைகளுக்கு உயிர்நாடி அதுதான். ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகளைக்கூட ஏ.என்.-12 விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய் அங்கேதான் இறக்கினார்கள். அந்த சுஷுலுக்குத் தென்கிழக்கே வரும் வழியைப் பார்த்தபடி இருக்கும் கணவாய் ரெசாங் லா. உயரம் 16,000 அடிக்கு மேல். அங்கே நின்றது 13ஆம் குமாவோன் பட்டாலியனின் சார்லி கம்பெனி. ஏறத்தாழ 120 பேர். பெரும்பாலானவர்கள் இன்றைய ஹரியானாவின் ரேவாரி, குர்கான், மகேந்திரகர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். சமவெளி ஆட்கள், பனிமலைக்குப் புதியவர்கள். கம்பெனியை நடத்தியவர் மேஜர் ஷைத்தான் சிங். ஜோத்பூர் பக்கத்துக்காரர், வயது 37.

நவம்பர் 18, விடிவதற்கு முன்னால் சீனப் படை ஏறி வந்தது. முதல் அலையை நம்மவர்கள் சுட்டு விரட்டினார்கள். அடுத்த அலைகளும் வந்தன. நேராக ஏறிப் பயனில்லை என்று தெரிந்ததும் பீரங்கி, மோர்ட்டார் கொண்டு பங்கர்களை உடைத்துவிட்டு, பக்கவாட்டிலும் பின்னாலும் சுற்றி வந்தார்கள். கம்பெனியின் மூன்று பிளாட்டூன்களும் (சிறு பிரிவுகளும்) தள்ளித் தள்ளித் தனி மேடுகளில் இருந்தன. ஷைத்தான் சிங் குண்டு மழைக்கு நடுவே ஒவ்வொரு மேடாகப் போய்க்கொண்டே இருந்தார். கையில் அடிபட்டது. பிறகு வயிற்றிலும். தூக்கிக்கொண்டு போக வந்தவர்களைத் தன்னை ஒரு பாறை மறைவில் விட்டுவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

114 பேர் இறந்தார்கள். சிலர் சிறைப்பட்டார்கள். தப்பி வந்த ஒரு சிலர் நடந்ததைச் சொன்னபோது, இப்படியும் ஒரு கம்பெனி மொத்தமும் நின்று சண்டை போட்டிருக்குமா என்று நம்பாதவர்கள் பலர் இருந்தார்கள். 1963 பிப்ரவரியில்தான் உண்மை வெளியே வந்தது. ஆடு மேய்க்கும் ஒரு லடாக்கி அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறார். பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தாரோடு நம் ஆட்கள் மேலே போனார்கள். பதுங்கு குழிகளில் துப்பாக்கி பிடித்தபடியே உறைந்து கிடந்தார்கள். மோர்ட்டார் குண்டுகள் பெரும்பாலும் சுட்டுத் தீர்ந்திருந்தன. ஷைத்தான் சிங்கின் உடல் அந்தப் பாறையருகே கிடைத்தது. ஜோத்பூரில் ராணுவ மரியாதையோடு எரியூட்டினார்கள். அவருக்குப் பரம்வீர் சக்கரா, போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருது. கம்பெனியில் இன்னும் 8 பேருக்கு வீர் சக்கரா.

அந்த எட்டில் ஒருவரைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். தரம்பால் சிங் தஹியா, நர்சிங் அசிஸ்டென்ட். ராணுவ மருத்துவப் படையிலிருந்து அந்தக் கம்பெனிக்கு அனுப்பப்பட்டவர். அவரைக் கண்டெடுத்தபோது கையில் ஊசியும் கட்டுத்துணியும் இருந்தன.

செக்கானூரணி_தம்பி எழுதியது:

அண்ணே, படிக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது. ஒரு சந்தேகம். அவ்வளவு பேர் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு பின்வாங்கியிருக்கலாம் இல்லையா? பின்வாங்கக் கூடாது என்று உத்தரவா?

மதிச்சியம்காரன் எழுதியது:

தம்பி கேட்டதுதான் என் கேள்வியும். அவர்கள் வீரத்தில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தக் கதையை இப்படியே சொல்லி முடிப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் நியாயம் இல்லை என்று நினைக்கிறேன்.

120 பேரை அங்கே நிறுத்தியவர்கள் பீரங்கித் துணை ஏன் கொடுக்கவில்லை? ஒவ்வொரு ரவைக்கும் போல்ட்டை இழுக்க வேண்டிய .303 துப்பாக்கியோடு தானியங்கித் துப்பாக்கிகளை எதிர்க்கும் நிலைமை ஏன் வந்தது? சமவெளிப் பையன்களை அந்த உயரத்துக்கு அனுப்பியபோது குளிருக்குத் தகுந்த உடுப்பு போதுமான அளவு இருந்ததா? 'கடைசித் தோட்டா வரை' என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். தோட்டா ஏன் தீர்ந்தது என்று யாராவது கேட்க வேண்டாமா? டீச்சர், உங்கள் வகுப்பில் இருக்கும் பையன்கள் நாளைக்கு அதே மாதிரி ஒரு மேட்டில் நிற்கப் போகிறவர்கள். அவர்களுக்கு இந்தக் கேள்விகளும் தெரிந்திருக்க வேண்டும்.

உசிலை_பட்டாளத்தான் எழுதியது:

மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ரெண்டு பேருக்கும் பதில் சொல்கிறேன்.

மதிச்சியம் தம்பி, பீரங்கி விஷயம். ரெசாங் லாவுக்கும் சுஷுலில் நின்ற நம் பீரங்கிகளுக்கும் நடுவில் உயரமான முகடு இருந்தது. பீரங்கிக் குண்டு வளைந்து போகிற பாதைக்கு ஓர் அளவு உண்டு. நடுவே முகடு நின்றால் குண்டு அதில் மோதும், இல்லை அதைத் தாண்டி ரொம்ப தூரம் போய் விழும். முகட்டுக்கு அந்தப் பக்கம் ஒட்டினாற்போல இருக்கிற இடத்தில் விழவே விழாது. அப்படிப்பட்ட இடத்தில் கம்பெனியை வைத்தது தெரிந்தேதான். கணவாய் அங்கேதான் இருக்கிறது, வேறு எங்கே வைப்பது? அதனால் கம்பெனி கையில் இருந்தது சொந்த மோர்ட்டார், எல்.எம்.ஜி. என்கிற இலகு இயந்திரத் துப்பாக்கி, ரைஃபிள், கையெறிகுண்டு. அவ்வளவுதான்.

ஆயுதமும் உடுப்பும் பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை. 1962இல் சிப்பாய்க்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் அனுப்பினார்கள். பட்டாளத்தில் இருந்தவன் எவனும் அதை மறைக்க மாட்டான். அதைச் சொல்வதால் அந்த 114 பேரின் பெயர் ஒரு இம்மியும் குறையாது. டீச்சர் தாராளமாகச் சொல்லட்டும்.

சின்னத் தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு போஸ்ட் தனியாக நிற்பது இல்லை. அதற்குப் பின்னால் இன்னொரு போஸ்ட், அதற்குப் பின்னால் ரோடு, ரோட்டுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி, ரேஷன், ஏர்ஸ்ட்ரிப். முன்னால் நிற்கிறவன் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றால் பின்னால் இருக்கிறவனுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. சுஷுலில் ஒரு பிரிகேடே, பல பட்டாலியன்கள் சேர்ந்த படையே, இருந்தது. ரெசாங் லாவில் அவ்வளவு விலை கொடுத்த பிறகு சீனப் படை சுஷுலுக்குள் இறங்கவில்லை. நவம்பர் 21இல் அவர்களே போர்நிறுத்தம் அறிவித்துவிட்டார்கள். ஓடுதளம் கடைசிவரை நம் கையில் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. சுற்றி வளைத்த பிறகு எழுந்து ஓடினால் முதுகில் சுடுவான். அடிபட்டுக் கிடக்கிற தோழனைக் குழியிலேயே விட்டுவிட்டு எப்படிப் போவது? ஒரே ஊர், பக்கத்து ஊர்க்காரர்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் முறை உள்ளவர்கள். அவனை விட்டுவிட்டு வந்து அவன் வீட்டு வாசலில் நிற்க முடியுமா? ரெஜிமென்ட்டில் ஒரு வட்டாரத்து ஆட்களை ஒன்றாக வைப்பதன் பலமும் சுமையும் இதுதான். ஒரே நாளில் ஒரு வட்டாரமே பிள்ளைகளை இழந்துவிடும்.

செக்கானூரணி_தம்பி எழுதியது:

புரிந்தது ஐயா. நன்றி.

வைகைக்கரையான் எழுதியது:

ஐயா சொன்ன 'ஒரு மணி நேரம்' என்பதற்கு இன்னும் சின்ன அளவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிள்ளைகளுக்கு 120 பேர் என்றால் கூட்டமாகத் தோன்றலாம். இதில் மொத்தமே 9 பேர்.

1948 பிப்ரவரி 6, காஷ்மீரில் நௌஷேராவுக்கு அருகே தைன் தார் மலைமுகடு. ராஜ்புத் ரெஜிமென்ட்டின் முதலாம் பட்டாலியனைச் சேர்ந்த நாயக் ஜதுநாத் சிங்கின் பொறுப்பில் முன்னணிப் பிக்கெட் (சிறு காவல் நிலை) ஒன்று. பாகிஸ்தான் தரப்பின் முதல் தாக்குதலில் நான்கு பேருக்குக் காயம். அவர்களையும் சேர்த்து மறுபடி ஒழுங்குபடுத்தி நின்றார். இரண்டாவது தாக்குதலில் எல்லோருக்கும் காயம். பிரென் கன் என்கிற இலகு இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்தவர் விழுந்ததும் அதை இவரே எடுத்துக்கொண்டு சுட்டு அதையும் முறியடித்தார். மூன்றாவது முறை வந்தபோது சுடக்கூடிய நிலையில் இவர் ஒருவர்தான். ஸ்டென் கன்னோடு பங்கரை விட்டு வெளியே பாய்ந்து அவர்கள் மேலேயே ஓடினார். வந்தவர்கள் திகைத்துச் சிதறினார்கள். அங்கேயே தலையிலும் மார்பிலும் குண்டு பட்டு விழுந்தார். பிக்கெட் கை மாறவில்லை. அவருக்கும் பரம்வீர் சக்கரா.

நாயக் என்பது நம் ஊரில் பலருடைய அப்பாவோ சித்தப்பாவோ வகித்த பதவி. அதிகாரிகளின் கதையை மட்டுமே கேட்டு வளர்கிற பிள்ளைகள் இதையும் கேட்க வேண்டும்.

தேனிக்காரி எழுதியது:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். டீச்சர் கேட்ட இரண்டாவது விஷயத்தை யாரும் தொடவில்லையே என்று எழுத வந்தேன். என் வீட்டுக்காரரும் சியாச்சின் பார்த்துவிட்டு வந்தவர்.

2016 பிப்ரவரி 3. சோனம் போஸ்ட். 19,600 அடி. பனிச்சுவர் ஒன்று உடைந்து கூடாரங்கள் மேல் விழுந்தது. உள்ளே இருந்தது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆம் பட்டாலியன் ஆட்கள் 10 பேர். ஒரு சுபேதார், அவரோடு ஒன்பது பேர். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர் ஹவில்தார் ஏழுமலை, எங்கள் தேனி மாவட்டம் குமணன்தொழு லான்ஸ் ஹவில்தார் குமார், மதுரை சொக்கத்தேவன்பட்டி சிப்பாய் கணேசன், கிருஷ்ணகிரி சிப்பாய் ராமமூர்த்தி. மற்றவர்கள் கர்நாடகம், கேரளம், ஆந்திரம், மகாராஷ்டிரம்.

தோண்டித் தோண்டிப் பார்த்தார்கள். சிமென்ட் போல இறுகிய பனி. பாறை துளைக்கும் மெஷினும் மின்சார ரம்பமும் மேலே கொண்டுபோய் அறுத்தார்கள். டாட், மிஷா என்று இரண்டு மோப்ப நாய்கள். 25 அடிக்குக் கீழே, ஆறாவது நாள், லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். அந்தச் செய்தி வந்த ராத்திரி இங்கே எத்தனை வீட்டில் விளக்கேற்றி வேண்டிக்கொண்டார்கள் தெரியுமா? ஒருவர் பிழைத்தால் மற்றவர்களும் பிழைத்திருக்கலாமே என்று. மற்ற ஒன்பது பேரும் உடலாகத்தான் கிடைத்தார்கள். பிப்ரவரி 11ஆம் தேதி டெல்லி ராணுவ ஆஸ்பத்திரியில் ஹனுமந்தப்பாவும் போய்விட்டார்.

வைகைக்கரையான் அண்ணன் ரெசாங் லாவின் நர்சிங் அசிஸ்டென்ட்டைப் பற்றி எழுதியிருந்தார். சோனம் போஸ்ட்டின் பத்துப் பேரிலும் ஒரு நர்சிங் அசிஸ்டென்ட் இருந்தார். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்துக்காரர். ஒருவருக்கு மூச்சு முட்டினால் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் அவரை அவ்வளவு உயரத்தில் வைத்திருந்தார்கள். அவருடைய சாவை மட்டும் 'விபத்து' என்று எழுதி எப்படித் தள்ளிவைப்பது?

மதிச்சியம்காரன் எழுதியது:

அக்கா, உங்கள் மனதைப் புண்படுத்த இதை எழுதவில்லை. ஆனால் டீச்சரின் கேள்வி நேர்மையான கேள்வி, அதற்கு நேர்மையாகப் பதில் வேண்டும். ரெசாங் லாவில் ஒவ்வொருவருக்கும் அந்தக் காலையில் ஒரு தேர்வு இருந்தது. நிற்பதா, ஓடுவதா. நின்றார்கள். அதனால் வீரம் என்கிறோம். சோனம் போஸ்ட்டில் தூங்கிக்கொண்டு இருந்தவர்கள் மேல் பனி விழுந்தது. அவர்களுக்குத் தேர்வே இல்லை. மரியாதை இருவருக்கும் சமம், அது சரி. ஆனால் வீரம் என்ற சொல்லை இரண்டுக்கும் போட்டால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சும்?

உசிலை_பட்டாளத்தான் எழுதியது:

தம்பி, தேர்வு இல்லை என்று சொல்கிறீர்கள். நானும் சியாச்சின் கிளேசியரில், அந்தப் பனியாற்றில், இருந்தவன். ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். அதன் பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கீழே பேஸ் கேம்ப்பில் பல நாள் வைத்து உடம்பைப் பழக்குவார்கள். பிறகு நடை. ராத்திரியில் அல்லது விடியும் முன் நடப்போம், வெயில் ஏறினால் பனி இளகிக் காலை வாங்கும். எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு போவோம். பனிப்பிளவு மேலே பார்த்தால் தெரியாது. முன்னால் போகிறவன் சட்டென்று உள்ளே போவான், பின்னால் இருக்கிறவன் கோடரியைக் குத்திப் படுத்துக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். போஸ்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே பங்களாவா இருக்கிறது? கூடாரம், இல்லை ஃபைபர் குடில். பனி விழுந்துகொண்டே இருக்கும். ராத்திரி எழுந்து எழுந்து மண்வெட்டியால் தள்ளாவிட்டால் கூடாரமே புதைந்துவிடும். ராத்திரி குளிர் மைனஸ் 40க்குக் கீழேயும் போகும்.

தண்ணீர் கிடையாது, பனியை உருக்க வேண்டும். ஸ்டவ் மண்ணெண்ணெயில் எரியும், அந்தப் புகைக்குள்ளேயே இருப்போம், காறித் துப்பினால் கறுப்பாக வரும். பசி எடுக்காது. தூக்கம் வராது. பேசிக்கொண்டிருக்கும்போதே என்ன பேசினோம் என்று மறந்துவிடும். கையுறை இல்லாமல் துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரியும். நேற்று வரை நன்றாக இருந்தவனுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஹெலிகாப்டர் வந்தால் பிழைப்பான், மேகம் மூடினால் வராது. செண்ட்ரி டியூட்டிக்கு, காவல் நிற்க, உன் முறை வரும்போது, 'இன்றைக்கு முடியாது' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஏனென்றால் நீ போகாவிட்டால் அடுத்தவன் இரண்டு முறை நிற்க வேண்டும்.

1984 ஏப்ரல் 13ஆம் தேதி மேகதூத் நடவடிக்கையில் நம் படை அங்கே ஏறியது. அன்றிலிருந்து அங்கே இறந்தவர்களில் எதிரியின் குண்டால் போனவர்களைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் போனவர்கள்தான் அதிகம். இது அங்கே போகிற ஒவ்வொருவனுக்கும் பேஸ் கேம்ப்பிலேயே தெரியும். பனி எப்போது சரியும் என்று தெரியாது, சரியும் என்று தெரியும். தெரிந்துதான் ஏறுகிறான். நீங்கள் கேட்கிற தேர்வை அவன் தினமும் செய்கிறான். ஒரு காலையில் செய்து முடிக்கிற தேர்வு இல்லை அது.

எதிரி இல்லாத இடம் என்றும் நினைக்க வேண்டாம். இன்றைக்கு பானா போஸ்ட் என்று சொல்கிற இடம் 21,000 அடிக்கு மேல். 1987இல் அது பாகிஸ்தான் கையில் இருந்தது, பெயர் காயித் போஸ்ட். அதைப் பிடிக்க வழி பார்க்கப் போன செகண்ட் லெப்டினென்ட் ராஜீவ் பாண்டேயின் குழுவில் அவரும் பலரும் மே மாதம் சுடப்பட்டு இறந்தார்கள். ஜூன் 26இல் நாயப் சுபேதார் பானா சிங் செங்குத்தான பனிச்சுவரில் ஏறிப் போய்ப் பிடித்தார். எதிரி ஏறி உட்கார்ந்துவிட்ட ஒரு மேட்டைப் பிடிக்க எத்தனை உயிர் வேண்டும் என்று இதிலிருந்து தெரியும். 2003 நவம்பர் போர்நிறுத்தத்துக்குப் பிறகு அங்கே துப்பாக்கிச் சத்தம் நின்றது. ஆனால் போஸ்ட்டில் ஆள் இருப்பது நிற்கவில்லை. அந்தப் பத்துப் பேர் அங்கே இருந்தது அதற்காக.

மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் எங்கள் போர்க்குரல் "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு". தமிழனும் மலையாளியும் கன்னடக்காரனும் தெலுங்குக்காரனும் ஒன்றாகச் சேர்ந்து கத்துவோம். வெலிங்டனில் பயிற்சி முடிக்கிற நாளில் அதைக் கத்திய பையன்தான் சோனம் போஸ்ட்டில் பனியைத் தள்ளிக்கொண்டு இருந்தான். அவன் வேறு, இவன் வேறு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

தேனிக்காரி எழுதியது:

அண்ணே, கும்பிடுகிறேன். என் வீட்டுக்காரர் இதில் பாதியைக்கூட என்னிடம் சொன்னதில்லை. போனில் பேசும்போதெல்லாம் "குளிர் கொஞ்சம் ஜாஸ்தி, வேற ஒண்ணும் இல்ல" என்பதோடு சரி.

நெறியாளர்:

விவாதம் மரியாதையாகப் போகிறது, மகிழ்ச்சி. ஒரு வேண்டுகோள். ரெசாங் லாவில் எதிர்த்தரப்பில் இத்தனை பேர் இறந்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் எண்களை இங்கே யாரும் போட வேண்டாம். நீக்கிவிடுவேன்.

வைகைக்கரையான் எழுதியது:

மதிச்சியம் நண்பருக்கு நம் மண்ணிலிருந்தே ஒன்று சொல்கிறேன். ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், வைகைக் கரையில், 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ் பிராமி எழுத்து. 2,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. ஒன்றில் உள்ள வாசகம் "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்". கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல்.

அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பாருங்கள். ஆள் பெயர், ஊர், எந்த நிகழ்ச்சி. எத்தனை பேரை வெட்டினான், முன்னால் நின்றானா பின்னால் நின்றானா, ஜெயித்தது யார், ஒன்றும் இல்லை. ஊருக்காகப் போன இடத்தில் திரும்பி வரவில்லை என்பதே அவனுக்குக் கல் எடுக்கப் போதுமானதாக இருந்திருக்கிறது.

டெல்லியில் 2019 பிப்ரவரி 25இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்திலும் இதே முறைதான். கிரானைட் சுவரில் பெயர், பதவி, படைப்பிரிவு. சண்டையில் போனவர்களின் பெயர்களோடு மேகதூத் நடவடிக்கையில் போனவர்களின் பெயர்களும் அங்கே இருக்கின்றன. பதக்கம் வேறு விஷயம். அதற்கு இன்ன செயல் என்று காட்ட வேண்டும், எனவே பரம்வீர் சக்கரா ஷைத்தான் சிங்குக்கும் ஜதுநாத் சிங்குக்கும் பானா சிங்குக்கும் போனது சரிதான். கல்லில் பெயர் வெட்டுவதற்கு அந்த அளவுகோல் தேவையில்லை என்று நம் ஆட்கள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள்.

மதிச்சியம்காரன் எழுதியது:

உசிலை ஐயாவின் பதிவை இரண்டு முறை வாசித்தேன். தினமும் செய்கிற தேர்வு என்று சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பனி சரியும் என்று தெரிந்து ஏறுகிறவனைப் பார்த்து 'உனக்குத் தேர்வு இல்லை' என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் என் முதல் கேள்வியை விடமாட்டேன். அது இப்போது இன்னும் கூர்மையாகிறது. 1962இல் உடுப்பும் துப்பாக்கியும் கேட்க வேண்டியிருந்தது. இன்றைக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை, கூடாரம் போடும் இடம், ஹெலிகாப்டர், நல்ல பூட்ஸ், இவற்றையெல்லாம் கேட்க வேண்டும். ஒருவன் அவ்வளவு துணிந்து நிற்கிறான் என்றால், அவனை அங்கே நிறுத்தியவர்களின் கடமை அந்த அளவுக்குக் கூடுகிறது. கைதட்டுவதோடு நாம் நிறுத்திக்கொண்டால் அவர்களுக்குச் செய்ய வேண்டியதில் பாதியைச் செய்யவில்லை. டீச்சர், வகுப்பில் இதையும் ஒரு கேள்வியாக வைப்பீர்களா?

உசிலை_பட்டாளத்தான் எழுதியது:

இதில் நமக்குள் சண்டையே இல்லை தம்பி. நல்ல பூட்ஸ் கேட்பது சிப்பாயைக் குறைத்துப் பேசுவது ஆகாது. கிளேசியரில் கால் விரல் போனவர்களைப் பார்த்தவன் நான். கேளுங்கள், உரக்கக் கேளுங்கள்.

திருமங்கலம்_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான் கேட்டது ஒரு பீரியடுக்கு, நீங்கள் கொடுத்தது ஒரு வாரத்துக்கு வரும்.

இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன். கரும்பலகையில் ரெசாங் லா, சுஷுல், நடுவில் அந்த முகடு, மூன்று பிளாட்டூன் மேடுகள், இவ்வளவையும் படமாக வரைந்துவிட்டுப் பேச ஆரம்பிப்பேன். பீரங்கிக் குண்டு ஏன் அங்கே விழாது என்று பையன்களே கண்டுபிடிக்கட்டும், இயற்பியல் டீச்சரையும் கூப்பிடப் போகிறேன். பிறகு ஜதுநாத் சிங், ஐந்து நிமிடம். அதற்கப்புறம் சோனம் போஸ்ட். உசிலை ஐயா எழுதிய 'ஒரு நாள்' பகுதியை அப்படியே வாசிக்க அனுமதி கேட்கிறேன். கடைசியில் மதிச்சியம் சகோதரரின் கேள்வி: ஒரு சிப்பாயை இப்படி ஓர் இடத்துக்கு அனுப்பும் நாடு அவனுக்கு என்னென்ன கொடுத்து அனுப்ப வேண்டும்? பட்டியல் போடுவது பிள்ளைகளின் வேலை.

மறுத்த அந்த அப்பாவையும் வகுப்புக்கு அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். உசிலை ஐயா, உங்களால் வர முடியுமா? உசிலம்பட்டியில் பஸ் ஏறினால் திருமங்கலம் வந்துவிடலாம். பிள்ளைகள் நேரில் கேட்பார்கள்.

உசிலை_பட்டாளத்தான் எழுதியது:

வருகிறேன் டீச்சர். வாசிக்க அனுமதி எல்லாம் எதற்கு, நானே சொல்கிறேன். அந்த நாலு தமிழ்நாட்டுப் பையன்களின் பெயரையும் மற்ற ஆறு பேரின் பெயரையும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். பத்தும் இருக்க வேண்டும்.

செக்கானூரணி_தம்பி எழுதியது:

ஐயா, நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். இதுவரை ஜெனரல் டியூட்டிக்கு, அதாவது பொதுச் சிப்பாய் வேலைக்குத்தான் போக நினைத்திருந்தேன். அந்த இரண்டு நர்சிங் அசிஸ்டென்ட்டுகளைப் பற்றி வாசித்ததில் இருந்து மனம் அந்தப் பக்கம் போகிறது. அதற்கு என்ன படித்திருக்க வேண்டும்? ஓட்டம் எல்லாம் அதே மாதிரிதானா?

உசிலை_பட்டாளத்தான் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் இருக்க வேண்டும். மொத்தத்தில் 50 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எழுத்துத் தேர்வு உண்டு. 1.6 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு, அதில் சலுகை எதுவும் எதிர்பார்க்காதே. அறிவிப்பு வரும்போது விதிகளை ஒரு முறை சரிபார்த்துக்கொள், அவ்வப்போது மாறும். நீ இப்போது எடுத்திருக்கும் குரூப்பில் உயிரியல் இருக்கிறதா?

செக்கானூரணி_தம்பி எழுதியது:

இருக்கிறது ஐயா.

உசிலை_பட்டாளத்தான் எழுதியது:

அப்படியென்றால் சரி. டீச்சர் வகுப்பு நடக்கிற அன்றைக்கு உன் பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டுக்கொண்டு நீயும் வா. செக்கானூரணியில் என் பஸ் நிற்கும், ஏறிக்கொள்.